மலைக்காட்டுக்கு எந்த டிராக்டர்? முதலில் சரிவை அளந்து பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக ஒருதரம் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். பர்கூர் மலையில் தாமரைக்கரைக்குப் பக்கத்தில் நாலரை ஏக்கர். ஓடையோரம் ஒன்றரை ஏக்கர் ஏறக்குறைய சமன். நடுவில் சரிவுக் காடு. அதற்கு மேலே கல்லுக்கட்டு வரப்பு போட்ட படிநிலம். வெள்ளாமை ராகி, மக்காச்சோளம், மரவள்ளி. அந்தியூரில் 45 குதிரைத்திறன் பழைய வண்டி ஒன்று மலிவாக வருகிறது, அதை எடுப்பதா, 20, 25-இல் புது மினி டிராக்டர் எடுப்பதா, இல்லை பின்னால் நடந்து கைப்பிடியால் ஓட்டுகிற பவர் டில்லரே போதுமா என்பது கேள்வி. வண்டி வந்ததும் வீட்டில் இருக்கிற சோடி மாட்டை விற்றுவிடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 45 வேண்டாம். எடுப்பதானால் 24 முதல் 28 குதிரைத்திறனுக்குள், நான்கு சக்கரமும் இழுக்கிற, தாழ்வான, கவிழ்வுக் காப்பு வளைவு உள்ள வண்டி எடுங்கள். அதையும் கீழ்க்காட்டுக்கும் நடுக்காட்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேல் படிநிலத்தில் டிராக்டர் ஏறக் கூடாது. மாட்டை விற்காதீர்கள்.

மலையடிவாரத்தில் டிராக்டர் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். மலையிலிருந்து இறங்கி வருகிற வண்டிகளில் எதெது தேய்ந்து வருகிறது, எதெது நசுங்கி வருகிறது என்று தினமும் பார்க்கிறேன். வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது குதிரைத்திறன். மலைக்காட்டில் அது மூன்றாவதோ நாலாவதோ கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி உங்கள் காட்டின் சரிவு எவ்வளவு என்பதுதான். அதற்கு விடை ஷோரூமில் கிடைக்காது, நீங்களே அளக்க வேண்டும்.

அளப்பது சுலபம். 10 அடி நீளத்தில் நேரான குழாய் ஒன்று, கொத்தனாரிடம் ஒரு ரசமட்டம். குழாயின் ஒரு முனையை மேட்டுப்பக்கம் தரையில் வைத்து, மறுமுனையைத் தூக்கி ரசமட்டம் சமன் காட்டும்வரை பிடியுங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் நடுவே ஓர் அடி இருந்தால் சரிவு 10 சதவீதம். இரண்டு அடி என்றால் 20 சதவீதம், அதாவது சுமார் 11 டிகிரி. இரண்டே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 15 டிகிரி. காட்டில் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிகிற இடமே 20 சதவீதம் வரும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கண் பழகிவிடுகிறது, அதனால் கண்ணை நம்பாமல் அளந்து, ஒவ்வொரு பாகத்தையும் காகிதத்தில் வரைந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்ய நான் வைத்திருக்கிற வரம்பு இது. சரிவுக்குக் குறுக்கே ஓட்டுவதற்கு 15 சதவீதம் வரை தாராளமாகப் போகலாம். 20 சதவீதம் வரை, ஈரமில்லாத நாளில், மெதுவாக, கருவியைத் தாழ வைத்துக்கொண்டு. அதற்கு மேல் குறுக்கே ஓட்டவே வேண்டாம். மேலும் கீழுமாக நேராக ஏறி இறங்க 15 டிகிரிதான் கடைசி. கம்பெனிக்காரர் இதைவிட அதிகம் காட்டுவார், பக்கத்துக் காட்டுக்காரரும் இதைவிட அதிகத்தில் ஓட்டுவார். ஆனாலும் நான் இந்த எண்ணைத்தான் சொல்வேன், காரணம் இருக்கிறது.

ஒரு மினி டிராக்டரின் பின்சக்கரங்களுக்கு நடுவே 3 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், 36 அங்குலம். நிலம் 20 சதவீதம் சரிவு, 11 டிகிரி. மேட்டுப்பக்கச் சக்கரம் 6 அங்குலக் கல் ஒன்றின்மேல் ஏறுகிறது. அது மட்டுமே இன்னும் 9 டிகிரிக்கு மேல் சாய்க்கும். அதே நேரம் பள்ளப்பக்கச் சக்கரம் உழுத மண்ணில் 4 அங்குலம் புதைகிறது, இன்னொரு 6 டிகிரி. ஆக 11 டிகிரி நிலத்தில் நிற்கிற வண்டி 26, 27 டிகிரி சாய்ந்துவிட்டது. அந்த நேரம் பின்னால் ரோட்டாவேட்டரை, அதாவது சுழல் கத்தி உழவுக் கருவியை, தூக்கி வைத்திருந்தால் வண்டியின் எடை மையம் மேலே போயிருக்கும். ஸ்டீரிங்கை மேட்டுப்பக்கம் சட்டென்று ஒடித்தால் மிச்சத்தை அந்த வேகம் பார்த்துக்கொள்ளும். காகிதக் கணக்கில் 35 டிகிரி தாங்கும் வண்டியும் கவிழ்கிறது என்றால் இப்படித்தான். உங்கள் பக்கத்து நிலத்தில் 6 அங்குலக் கல் தேடிப் பார்க்க வேண்டிய பொருளா என்ன?

இன்னொன்று, டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரே ஓர் ஊசியில் தொங்குகிறது, மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஆட வேண்டும் என்பதற்காக. அதனால் வண்டி நான்கு கால் நாற்காலி மாதிரி நிற்பதாக நினைக்கக் கூடாது. இரண்டு பின்சக்கரம், முன்னால் நடுவில் ஒரு புள்ளி என்று முக்கோணத்தில்தான் நிற்கிறது. முன்சக்கரம் எவ்வளவு அகலமாக இருந்தாலும், கவிழ ஆரம்பிக்கும் நேரத்தில் அதிகம் உதவாது. பின்சக்கர அகலம்தான் காப்பாற்றும்.

அதனால்தான் வண்டி தேர்ந்தெடுப்பதில் அகலத்தை அப்படி வலியுறுத்துகிறேன். மினி டிராக்டர்கள் பலவும் பழத்தோட்டத்துக்கும் பருத்தி இடையுழவுக்கும் என்று குறுகலாகச் செய்யப்பட்டவை. விற்பவர் அதையே பெருமையாகச் சொல்வார், மூன்றடி வரிசைக்குள் போகும் என்பார். சமவெளித் தோட்டத்தில் அது நல்ல குணம். உங்கள் சரிவில் அது குறை. பல மாடல்களில் பின்சக்கர டிஸ்க்கைத் திருப்பி மாட்டினால் அகலம் கூடும். வண்டி எடுக்கும்போதே அதிக அகலத்துக்கு மாட்டித் தரச் சொல்லுங்கள். மரவள்ளி வரிசையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். பின் டயரில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பிக்கொள்வதும் நல்லது. எடை தரையோரமாகச் சேர்வதால் வண்டி நிலையாக நிற்கும், பிடிப்பும் கூடும், செலவும் பெரிதாக இல்லை.

சரி, 45 ஏன் வேண்டாம்? விலை மலிவு, இழுவை உண்டு, உண்மைதான். ஆனால் அந்த வண்டி 1,800 கிலோவைத் தொடும், சிலது தாண்டும். உயரம் அதிகம், பெரும்பாலும் பின்சக்கரம் மட்டும் இழுப்பது. உங்கள் நடுக்காட்டில் அதைத் திருப்பவே இடம் போதாது. உழுகிற நேரத்தைவிட முன்னும் பின்னும் எடுக்கிற நேரம்தான் அதிகமாக இருக்கும். ஓரத்துக் கல்லுக்கட்டு அந்த எடையைத் தாங்காது. வரப்பு ஓரத்தில் ஓட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. கல்லுக்கட்டு எத்தனை அடி உயரமோ, குறைந்தது அத்தனை அடி உள்ளே தள்ளித்தான் சக்கரம் போக வேண்டும். 4 அடி கட்டு என்றால் 4 அடி உள்ளே. மழைக்காலத்தில் இன்னும் கூட. அந்த நிலத்தை விட்டுவிட்டால் பெரிய வண்டிக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே அளந்து பாருங்கள்.

மினி டிராக்டருக்கும் திரும்ப இடம் வேண்டும். பிரேக் போட்டுத் திருப்பினால் அதன் திருப்பு ஆரம் 2 மீட்டருக்குச் சற்று மேல். ஒரே வீச்சில் முழுதாகத் திரும்ப 15, 16 அடி வேண்டும். உங்கள் மேல் படிநிலத்தில் எத்தனை படி அந்த அகலம் இருக்கும்? ஒன்றோ இரண்டோ இருக்கலாம். மற்றவற்றில் ரிவர்ஸில்தான் திரும்பி வர வேண்டியிருக்கும், அதுவும் வரப்பு ஓரத்தில். அது தேவையில்லாத வேலை.

நான்கு சக்கர இழுவையை எல்லோரும் ஏற்றத்துக்காகக் கேட்கிறார்கள். எனக்கு அது இறக்கத்துக்காக வேண்டும். டிராக்டரில் பிரேக் பின்சக்கரத்துக்குத்தான். இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்துவிடுவதால் பின்சக்கரம் இலேசாகி, பிரேக் பிடித்தாலும் சரளை மண்ணில் சறுக்கிக்கொண்டே போகும். ஃபோர் வீல் போட்டிருந்தால் அந்தப் பிரேக் கியர் வழியாக முன்சக்கரத்துக்கும் போகிறது, எஞ்சின் பிடிப்பும் நான்குக்கும் கிடைக்கிறது. இறங்கும்போது ஃபோர் வீலை எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், டயர் தேய்கிறதாம். தேயட்டும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் அல்லது அதற்கும் கீழே இறங்குங்கள், நடுவில் கிளட்சைத் தொடாதீர்கள். இடது, வலது பின்சக்கரத்துக்குத் தனித்தனியாக இருக்கிற இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டும் கொக்கி கட்டாயம் போட்டிருக்க வேண்டும். ஒற்றைப் பெடல் மிதித்தால் வண்டி ஒருபக்கம் இழுத்துச் சாய்க்கும். பிரேக் ஆயிலில் மூழ்கிய வகையாக இருக்கட்டும்.

டிரெய்லர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மரவள்ளி ஏற்றி, டிரெய்லரோடு சேர்த்து 2,000 கிலோ இருந்தால், 20 சதவீத இறக்கத்தில் அது டிராக்டரைப் பின்னாலிருந்து கிட்டத்தட்ட 400 கிலோ விசையோடு தள்ளும். மினி டிராக்டரின் சொந்த எடையே பல மாடல்களில் 1,000 கிலோவுக்குக் கீழே. தள்ளுகிற தள்ளில் வண்டி டிரெய்லரோடு மடிந்துகொள்ளும். ஆகவே காட்டுக்குள் சிறிய டிரெய்லர், அரைப் பாரம். பெரிய பாரத்தைக் கீழ்ச் சாலைக்குக் கொண்டுவந்து வாடகை வண்டியில் ஏற்றுங்கள். இழுக்கிற எதையும் கீழே இருக்கிற இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டுங்கள். கருவியைப் பிடிக்கிற மேல் தண்டான மேல் லிங்கிலோ ஆக்சிலிலோ சங்கிலி போட்டு வேர்க்கட்டையோ கல்லோ இழுத்தால், முன்பக்கம் தூக்கி வண்டி பின்னால் மல்லாந்துவிடும். ஒரு நொடி கூட ஆகாது, ஓட்டுகிறவருக்குக் கிளட்ச் மிதிக்க நேரம் இருக்காது. செங்குத்தான இடத்தில் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ரிவர்ஸில் ஏறுங்கள், எடை மேட்டுப்பக்கம் இருக்கும்.

கவிழ்வுக் காப்பு வளைவு என்று சொன்னேன். இருக்கைக்குப் பின்னால் நிற்கிற உறுதியான இரும்பு வளைவு அது. வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவர் நசுங்காமல் இடம் விட்டு நிற்கும். ஸ்வீடன் நாட்டில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயம் ஆக்கினார்கள், அங்கே கவிழ்ந்து சாவது பெருமளவு குறைந்தது. இங்கே சில மாடல்களில் உடன் வருகிறது, சிலவற்றில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வெயிலுக்குப் போடுகிற கூரை அதுவாகாது. பட்டறையில் குழாய் வளைத்து வெல்டிங் வைத்ததும் அதுவாகாது. என்னிடம் வந்து கேட்பவர்களுக்கு நான் செய்து தருவதில்லை, கம்பெனி சோதித்துத் தருவதை மாட்டித்தான் தருவேன். வளைவு இருந்தால் சீட் பெல்ட் போட வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். வளைவு இல்லாத வண்டியில் பெல்ட் போட்டுக்கொள்ளக் கூடாது. மட்கார்டில் ஆள் உட்காரவைப்பதை உங்கள் வீட்டில் யாரும் செய்ய விடாதீர்கள், பிள்ளைகளை ஒருபோதும் வேண்டாம்.

இப்போது குதிரைத்திறன். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் திறன் இழக்கும். மூவாயிரம் அடியில் 24 என்பது 22 ஆகிவிடும். அதிலும் பிடிஓ-வுக்கு, அதாவது பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டுக்கு, வருவது இன்னும் குறைவு. மூன்றரை அடி ரோட்டாவேட்டரோ அஞ்சு கலப்பையோ இழுக்க அது போதும். நாலடிக்கு ஆசைப்படாதீர்கள். கல் காட்டில் ரோட்டாவேட்டரைவிடக் கலப்பை மேல், கத்தி உடைகிற செலவும் மிச்சம், மண்ணும் மாவாகிப் போகாது. சரிவில் மாவாகிய மண் ஐப்பசி மழையில் ஓடைக்குப் போய்விடும். அதே காரணத்துக்காகத்தான் மேலும் கீழுமாக உழ வேண்டாம் என்கிறேன், சக்கரத் தடமே வாய்க்காலாக மாறும். குறுக்கே உழ முடியாத அளவு சரிவு என்றால், அந்த நிலம் டிராக்டருக்கு உரியதல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடல் பெயர் கேட்டால், மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா பி2441 இரண்டும் 24 குதிரைத்திறன், ஃபோர் வீல். 2023-இல் வந்த மஹிந்திரா ஓஜா வரிசையில் 2127 உண்டு, அந்த வரிசை முழுக்க ஃபோர் வீல். ஜான் டீர் 3028இஎன் 28 குதிரைத்திறன். இவற்றுக்குள் எது மேல் என்று நான் சண்டை போட மாட்டேன். அந்தியூரிலோ பவானியிலோ கோபியிலோ யாரிடம் உதிரிபாகம் கையிருப்பில் இருக்கிறது, யாருடைய மெக்கானிக் மலையேறி வருவார் என்பதைப் பாருங்கள். உழவு நாளில் வண்டி நின்றால் கம்பெனி பெயர் உதவாது. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் இருக்கிற மத்திய அரசு நிலையத்தில் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறார்கள். பிடிஓ திறன், டீசல் செலவு, தூக்கும் எடை, திருப்பு ஆரம், எடை மையத்தின் உயரம் எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் பார்க்கிற மாடலின் அறிக்கையை டீலரிடம் கேளுங்கள். எடை மையம் தாழ்வாகவும் சக்கர அகலம் அதிகமாகவும் இருப்பதை எடுங்கள்.

பவர் டில்லர் மலைக்கு ஏற்றது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கீழ்ச் சமனில் நன்றாகத்தான் இருக்கும். இறக்கத்தில் அதன் கைப்பிடிக் கிளட்ச் தலைகீழாக வேலை செய்யும். சமனில் இடது கிளட்சைப் பிடித்தால் இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில் இடதைப் பிடித்தால், விடுபட்ட இடது சக்கரம் வேகமாக உருண்டு, வண்டி வலது பக்கம் போகும். பழக்கமில்லாத ஆள் பயந்து இன்னும் இறுக்கிப் பிடிப்பார், வண்டி நேரே வரப்பைத் தாண்டிவிடும். மேல் படிநிலத்துக்கு இரண்டு பேர் தூக்கி வரப்பு தாண்ட வைக்கிற சின்ன பெட்ரோல் பவர் வீடர் பரவாயில்லை. அதைவிடவும் உங்கள் மாடு மேல். பர்கூர் செம்மறை மாடு அந்தக் கல்லிலும் சரிவிலும் வளர்ந்த இனம், திரும்ப 16 அடி கேட்காது. ஆடியில் குருநாதசாமி கோயில் சந்தையில் விற்றுவிட்டு அடுத்த ஆண்டு வாங்கலாம் என்றால், பழக்கிய சோடி அதே விலைக்குக் கிடைக்காது. குறைந்தது இரண்டு உழவுப் பருவம் வண்டியோடு ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய வண்டியில் மிச்சமாகும் பணத்தைவிட முக்கியமான செலவு ஒன்று இருக்கிறது, வழி. என் பட்டறைக்கு நசுங்கி வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை உழும்போது கவிழ்ந்தவை அல்ல. ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்கு ஏறுகிற இடத்தில், வரப்பை உடைத்துப் போட்ட குறுகலான ஏற்றத்தில் கவிழ்ந்தவை. கோணலாக ஏறியிருப்பார்கள், ஒரு சக்கரம் மேலே, ஒன்று பள்ளத்தில். கீழ்க்காட்டிலிருந்து நடுக்காட்டுக்கு 8 அடி அகலத்தில், 15 சதவீதத்துக்கு மிகாமல், வளைவில்லாமல் நேராக ஒரு வழி போடுங்கள். 4 அடி உயரம் ஏற 27 அடி நீளம் வேண்டும். இரண்டு ஓரமும் கல் கட்டி, தண்ணீர் வழியில் ஓடாதபடி மேல்முனையில் ஒரு குறுக்கு மேடு வையுங்கள். வண்டி வருவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

சொந்தமாக வாங்கத்தான் வேண்டுமா என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 லட்சத்துக்கு எடுத்து, 10 ஆண்டு கழித்து 2 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். தேய்மானம் ஆண்டுக்கு 40,000. வட்டி 10 சதவீதம் என்றால் சராசரி 4 லட்சத்துக்கு இன்னொரு 40,000. டீசல், பழுது இல்லாமலே 80,000. மூன்று ஏக்கருக்கு ஆண்டில் 100 மணி நேரம் ஓடினால் அதுவே பெரிது, மணிக்கு 800 ரூபாய் விழும். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேருக்கு உழுது 250 மணி நேரமாவது ஓட்டினால் மணிக்கு 320 ஆகும், அப்போது வாங்குவதில் அர்த்தம் உண்டு. அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒன்று வாங்குவதும் நல்ல யோசனைதான், யார் டீசல், யார் பழுது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டால். இல்லாவிட்டால் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வண்டியை உழவன் செயலியில் பதிவு செய்து பாருங்கள். மலைக்கு எந்த வண்டி வரும், எப்போது வரும் என்பதை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயம், ஆனால் மலையில் உயிர் சம்பந்தப்பட்டது. டீசல் அரை டாங்குக்குக் கீழே போக விடாதீர்கள். சரிவில் டீசல் ஒருபக்கம் ஒதுங்கி, குழாய் காற்றை இழுத்து, ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நின்றுவிடும். எஞ்சின் ஆயிலும் மேல் கோட்டில் நிற்கட்டும்.

வாங்குவதாக முடிவானால், டீலரை உங்கள் நடுக்காட்டுக்கே வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஷோரூம் வாசலில் ஓட்டிப் பார்ப்பது பார்ப்பதாகாது. 2025 செப்டம்பர் 22-லிருந்து டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, விலைப்பட்டியல் அதற்குப் பிந்தையதா என்று பாருங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்று உச்சவரம்போடு மானியம் உண்டு. எந்தக் கருவிக்கு, எந்த மாடலுக்கு இந்த ஆண்டு தருகிறார்கள் என்பதை அந்தத் துறை அலுவலகத்தில் கேட்டு, சிறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கலோடு விண்ணப்பித்து, அனுமதி கைக்கு வந்த பிறகு டீலருக்குப் பணம் கட்டுங்கள்.